மனை பார்க்கும்போது தண்ணீரின் வழியையும் பாருங்கள்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மிச்சம் இருக்கிற நேரத்தில் நான் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். "தண்ணியைப் பத்தி என்ன மேடம் புதுசா? குடம் தூக்குறது நாங்க, எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் குழாயையும் லாரியையும் விட்டுவிட்டு நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குழுக்களின் தீர்மான நோட்டைப் பார்த்தால் ஒன்று நன்றாகத் தெரிகிறது. கடன் கேட்கிற காரணம் மாறிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைங்க படிப்பு என்று எழுதுவோம். இப்போது "மனைத் தவணை கட்ட" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே "போர் போட" என்று இன்னொரு வரி. மழைக்காலம் முடிந்தால் "வீட்டில் தண்ணீர் புகுந்ததால் சாமான் வாங்க" என்று மூன்றாவது வரி. மூன்றும் தனித்தனிச் செலவு மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எந்த நிலத்தில் எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிறவர்கள், தண்ணீர் எந்த வழியாகப் போகும், எங்கே தங்கும் என்பதைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்கான வட்டியை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்ம பக்கத்து ஏரிகள்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் அதில் அடங்கியிருந்தவை. நம்ம பக்கம் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்துத்தான் மிச்ச மாசத்தை ஓட்டணும். அதனால் நம்ம முன்னோர்கள் சரிவு பார்த்துக் கரை போட்டு, ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகிற மாதிரி அமைத்தார்கள்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரம் பக்கம் ரெட்டேரிக்குப் போகும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்துக்குப் போகும். பூந்தமல்லிக்கு மேற்கே ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டு போகிறார்கள். (இந்த ஜமீன் கொரட்டூர் வேறு, அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு குழுவில் நிதி மிஞ்சினால் கூட்டமைப்பு மூலம் அடுத்த குழுவுக்குப் போகிறது இல்லையா, அது மாதிரிதான்.

ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லை. மழை விழுந்து ஓடி வருகிற நீர்ப்பிடிப்பு நிலம் இருக்கிறது. கொண்டு வருகிற வரத்துக்கால் இருக்கிறது. கரை, மதகு, உபரி வழிகிற கலங்கல், அதற்குக் கீழே உபரிக் கால்வாய், பாசனம் பெறுகிற ஆயக்கட்டு நிலம், இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி. இதில் ஒவ்வொன்றும் ஒரு நிலம். ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பர் உண்டு. வரத்துக்கால் அடைபட்டால் ஏரி காயும். உபரிக் கால்வாய் அடைபட்டால் ஊர் முழுகும். ஒரே ஊரில் கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீரும் சித்திரையில் வெறுங்குடமும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே கை தவறியது?

அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது. நம்ம வீட்டு ஆம்பளைங்க, பொம்பளைங்க எத்தனை பேர் அங்கே வேலை பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறோம்! அதைக் குறை சொல்ல முடியாது. வேலை வந்த இடத்தில் ஜனம் வரும், வீடு வரும். அந்த வீடு எங்கே வந்தது என்பதுதான் கேள்வி.

ஏரிக்குள் வீடு கட்டுவது நம்ம காலத்தில் தொடங்கினது இல்லை. சென்னை தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் பெரிய ஏரி இருந்த இடத்தில் உருவான நகர். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. நம்ம பக்கத்திலேயே 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்குப் பெயர். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது.

பிறகு நஞ்சை நிலம் மனையாக மாறியது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனிங்க. ஆயக்கட்டில் நெல் விளைந்தவரை மதகைப் பார்க்க ஆள் இருந்தது, வாய்க்காலைத் தூர்வார ஆள் இருந்தது. வயல் மனையானதும், ஏரித் தண்ணீர் எனக்கு வேணும் என்று கேட்க யாரும் இல்லை. பயன்படுத்துகிறவர் இல்லாத வாய்க்கால் முதலில் குப்பை மேடாகும், அப்புறம் வண்டி நிறுத்துகிற இடமாகும், அப்புறம் சுவர் எழும்பும். கடைசியில் வீட்டுக் கழிவுநீரை விடுகிற சாக்கடையாக மட்டும் அது உயிரோடு இருக்கும்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை வந்த பிறகு நசரத்பேட்டை, நெமிலிச்சேரி பக்கம் நிலத்தின் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும். சாலை வேணும்தான். ஆனால் சாலை வருகிற இடத்தில் மனை வரும், மனை வருகிற இடத்தில் போர் வரும். அதற்கு முன்னாலேயே தண்ணீருக்கு வழி ஒதுக்கி வைக்கணும்.

மூன்று வருஷம் மறக்கக் கூடாது

2015 டிசம்பர். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை முழுகியது. அந்த மழையில் அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர் பகுதிகளிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது.

2019 ஜூன். நாலே வருஷம்தான் ஆகியிருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேர்ந்தால் 11,257 மில்லியன் கன அடி கொள்ளளவு. அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கராயபுரம் கல்குவாரியில் தேங்கின தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கே வந்து நின்றது? பக்கத்திலேயே, வில்லிவாக்கத்தில்! ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஏரி மாவட்டத்துக்கு ரயிலில் தண்ணீர்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து சின்னச் சின்னக் கம்பெனிகளில் மெஷின் எல்லாம் வீணாகியது. தினக்கூலிக்குப் போகிற நம்ம உறுப்பினர்களுக்குத்தான் முதலில் வேலை நின்றது.

வெள்ளம், வறட்சி, மறுபடி வெள்ளம். மழை கூடக் குறைய பெய்வது நம்ம கையில் இல்லை. ஆனால் பெய்த மழைக்குப் போக வழியும் தங்க இடமும் வைப்பது மனுஷர் கையில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

நமக்குக் கணக்கு என்றால் பயம் இல்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம்ம பகுதியில் சராசரியாக வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டராவது பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அந்த ஒரு மனை மேல் வருஷத்துக்கு விழுகிற மழை 2,67,000 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 17,000 குடத்துக்கு மேல்!

நிலம் மண்ணாக இருந்தவரை அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும், ஒரு பங்கு ஏரிக்கு ஓடும். சிமென்ட் போட்டால் மொத்தமும் தெருவுக்கு ஓடும். ஒரு ஏக்கர் வயல் மனையாகி எல்லாம் சிமென்ட் ஆனால், ஒரு வருஷ மழை 48 லட்சம் லிட்டர் போக இடம் தேடும். நம்ம பக்கம் பல இடத்தில் களிமண். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நின்று இறங்குவதற்கு இடம் வேணும். அந்த இடத்துக்குப் பெயர்தான் ஏரி, குட்டை, தாங்கல்.

நிலத்தடி நீர் நம்ம குழுவின் பொதுச் சேமிப்பு மாதிரி. எல்லோரும் எடுத்துக்கொண்டே இருந்து யாரும் கட்டவில்லை என்றால் பெட்டி எத்தனை நாள் தாங்கும்? போரை இன்னும் ஆழப்படுத்துவது புதுச் சேமிப்பு ஆகாது. பக்கத்து வீட்டுப் பங்கையும் சேர்த்து எடுப்பதுதான்.

முடிவு எங்கே எடுக்கிறார்கள்?

நிலத்துக்குத் திட்டம் போடுகிற அலுவலகம் ஒன்று, தண்ணீரைப் பார்க்கிற அலுவலகம் வேறொன்று. இதுதான் சிக்கல்.

எந்த இடத்தில் குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எங்கே விவசாயம் என்று பிரிப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். நாம் சி.எம்.டி.ஏ. என்கிறோமே, அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதன் 1,189 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் ஏற்கெனவே இருந்தவை. 2022-இல் அந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். 2008-இல் வந்த இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026-ஐ மனதில் வைத்துப் போட்டது. அதற்கு அடுத்த 20 வருஷத்துக்கான மூன்றாம் மாஸ்டர் பிளானுக்காக மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் நம்ம குழுப் பெண்கள் எத்தனை பேர்?

ஏரியைப் பார்ப்பது யார்? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவான ஏரி, குளம் என்றால் ஊராட்சி ஒன்றியம். பட்டாவும் புறம்போக்கும் வருவாய்த் துறை. தெரு வடிகால் ஊராட்சி அல்லது நகராட்சி. ஒரே மழைத்துளிக்கு நாலு ஆபீஸ்! ஒரு ஆபீஸ் மனைக்கு அனுமதி கொடுக்கும்போது அடுத்த ஆபீஸின் வரைபடத்தில் அங்கே வாய்க்கால் இருக்கும்.

சேர்த்துத் திட்டம் போட முடியாதா என்றால், முடியும். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்று இரண்டாம் மாஸ்டர் பிளானில் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பெரிய ஏரிக்கு அந்தப் பாதுகாப்பு. நம்ம ஊர்ச் சின்ன ஏரிக்கும் தாங்கலுக்கும் அதே மாதிரி வேணும் என்றுதான் நாம் கேட்கிறோம். உலகத்தில் வேறு இடத்திலும் இந்தப் புத்தி வந்திருக்கிறது. சீனாவில் 2015-இலிருந்து, மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைக்கிற நகரம் என்று அரசே திட்டம் போட்டு வேலை செய்கிறது. சென்னை மாநகராட்சியும் சில பூங்காக்களில் குளம் வெட்டி 'ஸ்பாஞ்ச் பார்க்' அமைத்திருக்கிறது.

மனை வாங்கும் முன் ஐந்து கேள்வி

இப்போது நம்ம வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாசாமாசம் தவணை கட்டினால் மனை என்று துண்டு நோட்டீஸ் வருகிறது. வேனில் கூட்டிப் போய் சாப்பாடு போட்டு இடத்தைக் காட்டுகிறார்கள். அவர்கள் கூட்டிப் போவது பெரும்பாலும் வெயில் காலத்தில்தான்! பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. சர்வே நம்பர் என்ன? உட்பிரிவு நம்பரோடு எழுதி வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, அரசின் நில ஆவண இணையதளத்திலோ 'அ' பதிவேட்டில் அந்த நம்பர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2. புலப்படத்தில் என்ன கோடு போகிறது? எஃப்.எம்.பி. என்கிற புலப்பட நகலில் வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் கோடாக இருக்கும். இன்று தரையில் வாய்க்கால் தெரியாமல் இருக்கலாம். படத்தில் இருக்கும். தண்ணீருக்கும் அந்த வழி ஞாபகம் இருக்கும்.

3. மாஸ்டர் பிளானில் எந்த வகை? குடியிருப்பா, விவசாயமா, தொழிற்சாலையா? சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமம், சர்வே நம்பர் போட்டால் தெரியும். பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. அப்ரூவல் நம்பர் என்ன? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த வருஷம் அரசு வரன்முறை விதி கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்ய வழி கொடுத்தது. அந்த விதியிலும் நீர்நிலை, வாய்க்கால் மேல் போட்ட மனைக்கு வரன்முறை கிடையாது. இதை நன்றாக ஞாபகம் வையுங்கள்.

5. 2015-இலும் 2023-இலும் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? இதைத் தரகரிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரிடம், ஆடு மேய்க்கிற பாட்டியிடம் கேளுங்கள். இடத்தின் பெயரையும் கேளுங்கள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்கிறோமே, தாங்கல் என்றால் தண்ணீர் தங்குகிற இடம். குட்டை, மடுவு, ஏரி என்று பழைய பெயர் இருந்தால் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

"வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துட்டோம் மேடம், சுத்தமா இருக்கு" என்று சொல்வீர்கள். வில்லங்கச் சான்று அந்த இடம் யார் கை மாறியது, அடமானம் இருக்கிறதா என்று சொல்லும். அங்கே வாய்க்கால் இருந்ததா என்று சொல்லாது. மனைக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், இந்த ஐந்துக்கும் பதில் இருக்கிறதா என்று குழுவே கேட்கணும். கடனைத் தடுக்க இல்லை, நம்ம சகோதரியின் பத்து வருஷச் சேமிப்பு தண்ணீரில் போகாமல் இருக்க.

கேட்டவர்கள் இருக்கிறார்கள்

"பெரிய பெரிய ஆளுங்க சம்பந்தப்பட்டது, நாம கேட்டா நடக்குமா?" என்று தோணும். கொரட்டூரைப் பாருங்கள். கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் ஏரியில் கலப்பதை எதிர்த்து அங்கே குடியிருக்கிற மக்கள் இயக்கமாகச் சேர்ந்தார்கள். மனு கொடுத்தார்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். வேலை முடிந்துவிடவில்லை. ஆனால் கொரட்டூர் ஏரி என்றால் கேட்க ஆள் இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

பூந்தமல்லி ஒன்றியம் குத்தம்பாக்கத்தில் மேய்க்கால் நிலத்தில் பல ஊர்க் குப்பையைக் கொட்டுகிற கிடங்கு அமைக்க முயற்சி நடந்தபோது, இது செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிற நிலம் என்று ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். வழக்கும் போட்டார்கள். மேய்க்கால் என்றால் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைப்பவர்களுக்கு, அது தண்ணீர் வருகிற நிலம் என்று ஊர்தான் சொல்லிக் கொடுத்தது.

ஆவடி பருத்திப்பட்டு ஏரி ஏறக்குறைய 87 ஏக்கர். கூவம் சீரமைப்புத் திட்டத்தில் வேலை நடந்து 2019-இல் நடைபாதையோடு திறந்தார்கள். கரை அழகானது நல்லதுதான். ஆனால் ஏரியின் ஆரோக்கியம் கரையில் இல்லை, உள்ளே வருகிற தண்ணீரில் இருக்கிறது. பாதாள சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வரும்வரை கழிவுநீர் வாய்க்காலைத்தான் தேடிப் போகும். அதனால் ஏரி சீரமைப்பு என்று யார் சொன்னாலும், "கழிவுநீருக்கு என்ன வழி வச்சிருக்கீங்க?" என்று முதல் கேள்வி கேளுங்கள்.

கரையில் குடியிருக்கிற நம்ம சகோதரிகள்

இதைப் பேசாமல் போனால் நான் பேசியது அரைகுறை. நம்ம கூட்டமைப்பிலேயே ஏரிப் புறம்போக்கில், கால்வாய் ஓரத்தில் குடியிருக்கிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். "ஏரியைக் காப்பாத்துன்னு நீங்க சொன்னா, எங்க வீட்டைத்தானே முதல்ல இடிப்பாங்க?" என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். நியாயமான பயம். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே இருக்கிறது. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிய குடும்பங்களில் வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிக் கஷ்டப்பட்ட பெண்கள் பலர்.

அதனால் நாம் இரண்டையும் சேர்த்தே கேட்கணும். ஒன்று, அளப்பதென்றால் எல்லாவற்றையும் அளக்கணும். குடிசையை மட்டும் அளந்துவிட்டுப் பெரிய மதில்சுவரையும் குடோனையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு, தண்ணீர் போகிற வழியில் இருக்கிற வீட்டை மாற்றித்தான் ஆகணும் என்றால், வேலைக்குப் போகிற தூரத்தில் மாற்று வீடு கொடுத்துவிட்டு, பிள்ளைகள் படிப்பு வருஷம் கெடாமல் மாற்றணும். மூன்றாவதாக நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடு. புறம்போக்கில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒருவரும் கொடுக்கக் கூடாது. வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது அந்த வீடுதான். ஏரியும் வேணும், அந்தச் சகோதரிக்கு வீடும் வேணும். இரண்டில் ஒன்று என்று நம்மைப் பிரிக்க விடக் கூடாது.

குழுக்கள் செய்ய வேண்டியது

பேச்சு போதும், வேலைக்கு வருவோம். பணம் செலவில்லாத வேலைகள்தான்.

ஊர் வரைபடம்: பயிற்சியில் தரையில் கோலமாவு வைத்து ஊர் படம் போட்டோமே, அதே மாதிரி இந்தத் தடவை தண்ணீர்ப் படம் போடுங்கள். மேடு எது, பள்ளம் எது, பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று குறியுங்கள். வயசான அம்மாக்களை முன்னால் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதுதான் மூலப் பத்திரம். முடிந்ததும் சார்ட்டில் வரைந்து வையுங்கள்.

தண்ணீர்ப் பதிவேடு: சேமிப்புப் பதிவேடு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து மாசம் ஒரு தடவை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். லாரி எத்தனை தடவை வந்தது, மழையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்றும் எழுதுங்கள். ஒரு வருஷத்தில் அது ஆதாரம் ஆகிவிடும். அதிகாரி முன்னால் "தண்ணி கஷ்டம் சார்" என்று அழுவதைவிட நோட்டை விரித்து வைப்பதற்கு மதிப்பு ஜாஸ்தி.

கிராம சபை: வருஷத்தில் 4 நாளாக இருந்த கிராம சபை 2022-இல் 6 நாள் ஆகியது. அப்போது சேர்த்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம்! அன்றைக்கு நம்ம வரைபடமும் பதிவேடும் அங்கே இருக்கணும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் இருக்கிற குழுக்களுக்கு வார்டு குழு, பகுதி சபை இருக்கிறது.

பூங்கா இடம்: பெரிய மனைப்பிரிவு வந்தால் விதிப்படி 10 சதவீதம் பொது இடமாக விடணும். அந்த இடம் பெரும்பாலும் மேடான மூலையில் முள்வேலி போட்டுக் கிடக்கும். பள்ளமான பக்கத்தில் ஒதுக்கி, நடுவில் ஒரு குட்டை வெட்டச் சொல்லுங்கள். மழைக்குக் குட்டை, மற்ற நாளில் பிள்ளைகளுக்கு விளையாட்டு.

மனு: விவசாய நிலத்தை வேறு வகைக்கு மாற்ற விண்ணப்பம் வந்தால் பத்திரிகையில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் அதைக் கவனிக்க ஒருவரை நியமிப்போம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும்.

நம்ம வீடு: 2003-இலிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம். பல வீட்டில் குழாய் இருக்கும், அது இறங்குகிற குழி மண் அடைத்துக் கிடக்கும். புரட்டாசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவாகச் சேர்ந்து தெருவுக்குத் தெரு தூர் எடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"எங்க தெருவில் வடிகால் கட்டியும் தண்ணி நிக்குதே, ஏன்?"

வடிகால் போய்ச் சேருகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். கடைசியில் கால்வாயோடு சேரவில்லை என்றாலோ, கால்வாய் மட்டம் உயரமாக இருந்தாலோ அது நீளமான தொட்டிதான். கட்டுவதற்கு முன்பே "எங்கே போய் விழும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

"நாங்க ஏற்கெனவே வாய்க்கால் ஓரமா மனை வாங்கிட்டோம். இப்ப என்ன பண்றது?"

முதலில் புலப்படம் எடுத்து, உங்கள் மனை பட்டா நிலத்தில் இருக்கிறதா, வாய்க்கால் மேல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பட்டா நிலம் என்றால் வாய்க்காலைத் தூர்வாரித் திறந்து வைப்பதுதான் உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு. வாய்க்கால் மேல் என்றால் இன்னும் பணம் போட்டுக் கட்டாதீர்கள். ரசீதுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இலவச சட்ட உதவி மையத்துக்குச் சேர்ந்தே போவோம்.

"நிலம் ஆம்பளைங்க பேர்ல இருக்கு. எங்க பேச்சு எடுபடுமா?"

பத்திரம் யார் பேரில் இருந்தாலும் குடம் யார் இடுப்பில் இருக்கிறது? வெள்ளத்தில் அடுப்பு முழுகினால் அன்றைக்கு யார் சமைக்கணும்? நிலத்தைப் பற்றிப் பேச நமக்கு அந்தத் தகுதி போதும். தனியாகப் போனால் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இருபது பேர் நோட்டோடு போனால் நாற்காலி தேடுவார்கள். வங்கியில் இதைத்தானே நாம் பார்த்தோம்?

முடிக்கிறேன். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்பணும்:

"எங்கள் ஊரில் புதிய மனையோ சாலையோ கட்டடமோ வருவதற்கு முன், அந்த இடத்தின் தண்ணீர் வழி எது என்று கேட்போம். பதில் கிடைக்கும்வரை கேட்போம். தண்ணீர்ப் படமும் தண்ணீர்ப் பதிவேடும் மார்ச் 22-க்குள் தயார் செய்வோம்."